இரண்டாவது நாய் வருகிறது: ஒரு கூடா, இரண்டு கூடா? ஒரே சட்டியா?

(நாய் வளர்ப்போர் கேள்வி பதில். எழுதுபவர்களின் பெயருக்குப் பதிலாக அவரவர் ஊர்.)

கல்லடி · 2024 ஜூன் 3

வீட்டில நாலு வயது நாட்டு நாய் இருக்கு. ஆண், 15 கிலோ, கருத்தடை செய்யல்ல. வாற கிழமை லாப்ரடோர் கலப்புக் குட்டி ஒன்று வருது, பெண், பத்து வாரம், 5 கிலோவுக்குக் கிட்ட. கூடு ஒன்றுதான், விறாந்தையில, 4 அடி நீளம். இரண்டையும் அதுக்குள்ளேயே விடலாமா? ஒரே சட்டியில சோறு வச்சால் பழகிடும் எண்டு வீட்டில எல்லாரும் சொல்லுறாங்க. பெரியவன் சாப்பிடக்குள்ள நாங்க கிட்டப் போனால் ஒண்டும் செய்யிறல்ல.

வந்தாறுமூலை · 2024 ஜூன் 3

இரண்டு கூடு, இரண்டு சட்டி. இதில் பேரம் வேண்டாம்.

மனிதர் கிட்டப் போனால் சும்மா இருக்கிற நாய், இன்னொரு நாய் கிட்டப் போனாலும் சும்மா இருக்கும் என்று எடுக்கக் கூடாது. சோறு வைக்கிற கையும் சோற்றுக்குப் போட்டிக்கு வருகிற வாயும் அதற்கு ஒன்றல்ல. உங்கள் பெரியவனுக்கு நாலு வருடமாகப் போட்டியே இருந்ததில்லை. அவன் என்ன செய்வான் என்பது அவனுக்கே தெரியாது.

சண்டையை விடவும் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. பார்வோ (குட்டிகளைக் கொல்லும் வயிற்றோட்ட வைரஸ் நோய்), உண்ணிக் காய்ச்சல், எலிக்காய்ச்சல் மூன்றிலும் வீட்டுக்காரர் கண்ணில் முதலில் படுவது பெரும்பாலும் நாய் சோற்றை விடுவதுதான். ஒரே சட்டியில் ஒன்று சாப்பிடாமல் விட்டால் மற்றது அதையும் சேர்த்து நக்கித் துடைத்துவிடும். சட்டி காலி, எல்லாம் சரி என்று நினைப்பீர்கள். குட்டிக்கு பார்வோ என்றால் அந்த ஒரு நாள் தாமதமே உயிரைக் கொண்டுபோகும். தனிச் சட்டி வைத்தால் யார் எவ்வளவு விட்டது என்று ஒவ்வொரு நேரமும் தெரியும்.

மூன்றாவது, அளவு. ஓய்வில் இருக்கும் நாய்க்குத் தேவையான கலோரி: எடையின் 0.75 அடுக்கு, அதை 70 ஆல் பெருக்க வேண்டும். 15 கிலோவுக்கு அது 530 சொச்சம். கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு அதை 1.6 ஆல் பெருக்கினால் 850. கருத்தடை செய்யாத, ஓடியாடுகிற நாய்க்கு 1.8, அதாவது 950 மட்டில். 5 கிலோக் குட்டிக்கு அடிப்படை 234. நாலு மாதம் வரை அதை 3 ஆல் பெருக்க வேண்டும், 700 வரும். மூன்றில் ஒரு பங்கு எடையுள்ள குட்டி பெரியவன் தின்பதில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு தின்ன வேண்டும். ஒரே சட்டியில் அது நடக்காது. பெரியவன் கொழுப்பான், குட்டி மெலியும்.

குட்டித் தீவனம் 100 கிராமுக்கு 350 கலோரி என்றால் நாளுக்கு 200 கிராம். ஆறு மாதம் வரை மூன்று நேரம், நேரத்துக்கு 65 கிராம். பையில் அச்சடித்த கலோரியைப் பார்த்துக் கணக்கை மாற்றுங்கள், எடை கூடக்கூட அளவையும் கூட்டுங்கள். குட்டி இருந்த வீட்டில் என்ன கொடுத்தார்களோ அதையே முதல் மூன்று நாள் கொடுங்கள். பிறகு ஒரு கிழமையில் கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று மாற்றுங்கள். வந்த அன்றே தீவனத்தை மாற்றினால் வயிறு போகும், அது தீவனத்தாலா பார்வோவாலா என்று தெரியாமல் நிற்பீர்கள்.

இருக்கிற 4 அடிக் கூட்டைக் குட்டிக்குக் கொடுக்கலாம். லாப்ரடோர் கலப்பு வளர்ந்தால் அந்த அளவு வேண்டும். இப்போதைக்கு உள்ளே தடுப்புப் போட்டு 2 அடியாக்குங்கள். பெரியவனுக்கு 3 அடி போதும்.

களுவாஞ்சிக்குடி · 2024 ஜூன் 4

நாட்டு நாய்க்குக் கூடு எதுக்கு? எங்கட பக்கம் எல்லாம் வளவிலதான் திரியும், மீன் வெட்டுற இடத்தில பத்து நாய் சேர்ந்து தின்னும். ஒண்டும் ஆகிறல்ல. கூட்டில போட்டால்தான் நாய்க்கு விசர் பிடிச்ச மாதிரி ஆகும்.

வந்தாறுமூலை · 2024 ஜூன் 4

அண்ணன், மீன் வெட்டுகிற இடத்தில் தின்னும் பத்து நாயும் ஓட இடம் இருக்கிற நாய்கள். வலுவில்லாதது ஒரு துண்டைக் கவ்விக்கொண்டு தூரப் போய்விடும். விறாந்தையிலும் குசினியிலும் அப்படி ஓட வழியில்லை. மூலையில் நிற்கிற குட்டிக்கு எங்கே போவது? அந்தப் பத்தில் காது கிழிந்தது எத்தனை, எலும்பு தெரிகிறது எத்தனை என்று நாளைக்கே பாருங்கள்.

நாள் முழுக்கக் கூட்டில் போட்டு வைப்பதை நானும் எதிர்க்கிறேன். நான் சொல்லும் கூடு சாப்பிட, தூங்க, வீட்டில் ஆளில்லாத நேரத்துக்கு. பகலில் குட்டிக்கு வயது எத்தனை மாதமோ அதோடு ஒரு மணி கூட்டினால் அதற்கு மேல் அடைக்கக் கூடாது. பத்து வாரக் குட்டிக்கு மூன்று மணியே கூட. மிச்ச நேரம் வளவில் ஓடட்டும், ஆனால் படலை பூட்டியிருக்க வேண்டும்.

அக்கரைப்பற்று · 2024 ஜூன் 5

கூடு செய்யிறது பற்றி எழுதுறன், வேலை அதுதான்.

முதல்ல ஒரு விசயம். பெரியவன்ட கூட்டை எடுத்துக் குட்டிக்குக் குடுக்காதீங்க. அவன் நாலு வருசமாப் படுத்த இடம், அவன்ட மணம் அதில இருக்கு. புதுசா வந்தது அதுக்குள்ள படுத்தால் அண்டைக்கே பகை. புதுக் கூடு குட்டிக்குத்தான் செய்யணும்.

அளவு: மூக்கு நுனியில இருந்து வால் தொடங்கிற இடம் வரை அளந்து 4 அங்குலம் கூட்டுங்க, அது நீளம். நிக்கக்குள்ள காது நுனி வரை அளந்து 3 அங்குலம் கூட்டுங்க, அது உயரம். குட்டி வளர்ந்தால் எண்டு கணக்குப் பார்த்து மூன்றரை அடி நீளம், இரண்டேகால் அடி அகலம், இரண்டரை அடி உயரம் வைக்கலாம். தாய் தகப்பனைப் பார்த்திருந்தால் அதை வச்சுக் கூட்டிக் குறையுங்க.

சட்டத்துக்கு ஓரங்குல பொக்ஸ் பார். சுற்றிவர ஓரங்குலக் கட்டம் வெல்ட் பண்ணின கல்வனைஸ் வலை. கோழிக் கூட்டுக்கு அடிக்கிற அறுகோண வலை வேண்டாம், பல்லால பிரிச்செடுக்கும், நுனி வாயைக் கிழிக்கும். இரண்டங்குல இடைவெளியில கம்பி வச்சால் குட்டி தலையை விட்டு இழுத்துக்கொள்ள ஏலாமல் மாட்டும்.

தாழ்ப்பாள் இரண்டு, மேல ஒண்டு கீழ ஒண்டு. நடுவில ஒண்டு மட்டும் போட்டால் பெரிய நாய் கீழ் மூலையைத் தலையால முட்டி வளைக்கும், அந்த இடைவெளியில கழுத்து மாட்டும். கதவுக்குக் கீழ 4 அங்குல உயரம், 10 அங்குல அகலத்தில சட்டி தள்ளுற வாய் ஒண்டு, அதுக்கு மூடியும் கொக்கியும். கதவு திறக்காமச் சட்டியை வைக்கலாம், எடுக்கலாம்.

அடித்தளம் வலையா இருக்கவே கூடாது, கால் விரல் புண்ணாகும். முக்கால் அங்குலப் பலகை, கழட்டி வெயிலில போடுற மாதிரி. கால் 6 அங்குலம் உயர்த்துங்க, காற்றும் போகும், கீழே தும்புத்தடியும் போகும். கல்லடியில உப்புக் காற்றுக்கு ஒட்டின இடமெல்லாம் முதல்ல துருப்பிடிக்கும். ஒட்டு வேலை முடிஞ்ச உடனே கம்பித் தூரிகையால தேய்ச்சு, துருத் தடுப்புப் பூச்சு, பிறகு ஈயம் இல்லாத எனாமல். பழைய தகரப் பேணியில மிஞ்சின பெயின்ற் வேண்டாம். காய்ஞ்சு மணம் போக ஒரு கிழமை விடுங்க.

வந்தாறுமூலை · 2024 ஜூன் 5

அக்கரைப்பற்று அண்ணன் சொன்னது சரி, 4 அடிக் கூடு பெரியவனிடமே இருக்கட்டும். கூட்டின் நீளத்தை மட்டும் பார்த்து நான் சொன்ன யோசனை அது. பழக்கம் நீளத்தை விட முக்கியம்.

வலைக்கு இன்னொன்று. தடுப்பைப் பூட்டும் நட்டின் தலை கூட்டுக்கு வெளியே வர வேண்டும். கல்வனைஸ் நட்டு, வாசர் எதையாவது கழற்றி விழுங்கினால் வயிற்று அமிலத்தில் துத்தநாகம் கரைந்து இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். முரசு (ஈறு) வெளிறும், சிறுநீர் சிவக்கும். கிழமைக்கு ஒரு தடவை நட்டுகளை எண்ணிப் பாருங்கள், ஒன்று குறைந்தால் அன்றே மிருக வைத்தியரிடம் எக்ஸ்ரே.

கூட்டுக்குள் விடும்போது கழுத்துப் பட்டியைக் கழற்றுங்கள். பட்டி கம்பியில் கொழுவி நாய் நெரிபட்டுச் சாவது நடக்கிற விசயம்.

சுற்றி எறும்புச் சோக்குக் கோடு போட வேண்டாம், குட்டி நக்கும். சாப்பிட்டு முடிந்ததும் சட்டியை எடுத்துத் தரையைத் துடைத்தால் எறும்பு வராது.

கல்லடி · 2024 ஜூன் 8

புதுக் கூடு வந்திட்டு. நாளைக்குக் குட்டி. இரண்டு கூட்டையும் பக்கத்தில பக்கத்தில வைக்கவா? முதல் நாள் என்ன செய்யணும்?

வந்தாறுமூலை · 2024 ஜூன் 8

பக்கத்தில் வேண்டாம், எதிரெதிரும் வேண்டாம். கதவும் கதவும் ஒன்றையொன்று பார்த்தால் இரண்டும் முறைத்துக்கொண்டே இருக்கும். குட்டியின் கூடு வீட்டுக்குள், பெரியவனுடையது விறாந்தையில் இருந்த இடத்திலேயே.

முதல் 14 நாள் குட்டியைத் தனியாக வைப்பது நோய்க்காக. பார்வோ உடம்புக்குள் போய்க் காட்ட மூன்று நாளில் இருந்து இரண்டு கிழமை வரை எடுக்கும். பெரியவனுக்குத் தடுப்பூசி ஒழுங்காகப் போட்டிருந்தாலும் அவன் காலில் ஒட்டி வெளியிலிருந்து வைரஸ் வரலாம். அது மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். குட்டிக்கு ஊசி அட்டை வாங்கினீர்களா? ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நாலு கிழமைக்கு ஒன்று, கடைசி ஊசி 16 வாரத்தில் அல்லது அதற்குப் பிறகு. விசர்நாய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில். பூச்சி மருந்து ஆறு மாதம் வரை மாதம் ஒரு தடவை.

இந்த இரண்டு கிழமையும் பெரியவன் சும்மா இருக்கத் தேவையில்லை. குட்டி படுத்த சாக்கைச் சுத்தமான இடத்தில் விரித்து, அதன் மேல் பெரியவனுடைய சட்டியை வைத்துச் சோறு போடுங்கள். அந்த மணம் வந்தால் சோறு வரும் என்று அவன் படிப்பான். குட்டிக்கு வயிறு போனாலோ சத்தி எடுத்தாலோ இதை உடனே நிறுத்துங்கள்.

14 நாள் முடிந்த பிறகு நேரில் காட்டுவது வீட்டு வளவில் வேண்டாம். கல்லடிக் கடற்கரை நினைவுக்கு வரும், அங்கேயும் வேண்டாம், தெரு நாய் கூட்டமாக வரும். கரையில் எறிந்து கிடக்கும் நச்சுப் பேத்தை மீனைக் கவ்வினால் வேறு ஆபத்து. மதில் கட்டின அயல் வீட்டு வளவு, அந்த வீட்டில் நாய் இல்லாமல் இருந்தால் நல்லது. ஆளுக்கு ஒன்று, இரண்டு பேர். ஒரே திசையில், 12 அடி இடைவெளியில், கயிறு தொங்குகிற மாதிரித் தளர்வாகப் பிடித்து நடவுங்கள். கயிறு விறைத்தால் நாயும் விறைக்கும். பத்து நிமிடம் அமைதியாக நடந்தால் 6 அடி. பின்புறம் மணக்க விடுங்கள், மூன்று எண்ணும் நேரம், கூப்பிட்டு விலக்குங்கள். அன்றைக்கு அவ்வளவுதான். ஊசி முடியாத குட்டியைத் தரையில் விட வைத்தியர் வேண்டாம் என்றால் தூக்கிக்கொண்டு நடந்தாலும் போதும்.

சாப்பாட்டு ஒழுங்கு: பெரியவன் கூட்டுக்குள், கதவு பூட்டு, பிறகு சட்டி. அடுத்து குட்டி. 15 நிமிடத்தில் மிச்சம் இருந்தாலும் இரண்டு சட்டியும் வெளியே. அதற்குப் பிறகும் பத்து நிமிடம் இரண்டும் உள்ளேயே இருக்கட்டும், அந்த நேரத்தில் நீங்கள் தரையில் சிந்தின பருக்கையைத் துடையுங்கள். திறந்த உடனே மற்றதின் கூட்டுக்குள் நுழைந்து நக்கப் போகும், சண்டை பெரும்பாலும் அங்கேதான். ஒன்று வெளியே போனதும் கதவைச் சாத்திவிட்டுத்தான் மற்றதைத் திறப்பது.

திருக்கோவில் · 2024 ஜூன் 9

மூத்ததுக்கு முதல் குடுத்தால்தான் அது தலைவன் எண்டு சின்னது படிக்கும், சண்டை வராது. இதை விட்டுட்டீங்க.

வந்தாறுமூலை · 2024 ஜூன் 9

தலைவன் கணக்கை நம்பி வரிசை வைக்க வேண்டாம். பெரியவனை முதலில் விடச் சொன்னது அவனுக்குக் கூடு பழக்கம், பொறுமையாக இருப்பான் என்பதால். சில வீட்டில் குட்டி கத்திக் கத்திப் பெரியவனை உசுப்பும், அங்கே குட்டிக்கு முதலில் வைப்பதுதான் அமைதி. எது முதல் என்பதை விட நேரமும் இடமும் தினமும் ஒன்றாக இருப்பது முக்கியம்.

கல்லடி · 2024 ஜூன் 27

பதினாலு நாள் முடிஞ்சு நடத்திக் காட்டியாச்சு, நல்லா இருந்திச்சு. ஆனா ரெண்டு நாளாக் குட்டி வீட்டுக்குள்ள இருந்து விறாந்தைக்கு வந்தால் பெரியவன் சட்டி இருந்த இடத்தில போய் நிக்கிறான். சட்டி இல்ல, சோறும் இல்ல. உடம்பை அசைக்காம நிக்கிறான், கண்ணின்ட வெள்ளை தெரியுது. உறுமல்ல.

வந்தாறுமூலை · 2024 ஜூன் 27

அதுதான் காவல், சோறு கிடைக்கும் இடத்தை மற்ற நாய் நெருங்காமல் காப்பது. உறுமுவதற்கு முந்தின படி. வரிசை அநேகமாக இப்படி: தலையைத் தாழ்த்தி வேகமாகத் தின்பது, உடம்பு கட்டையாக நிற்பது, முகத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓரத்துக்குத் திருப்புவது, உதடு தூக்குவது, உறுமல், வெறுங்காற்றில் கவ்வுவது, கடி. நீங்கள் இரண்டாம் மூன்றாம் படியில் கண்டுவிட்டீர்கள்.

சட்டி இருந்த இடத்துக்கு இனிச் சோறே வர வேண்டாம். அவனுக்குச் சோறு கூட்டுக்குள் மட்டும். விறாந்தையில் தண்ணீர்க் கோப்பை இருந்தால் அதையும் எடுங்கள். தண்ணீர் இரண்டு இடத்தில், ஒன்றில் நிற்கும் நாய்க்கு மற்றது தெரியாத மாதிரி. ஒன்று கிணற்றடிப் பக்கம், ஒன்று முன்பக்கம்.

பிறகு பயிற்சி. குட்டி 15 அடிக்கு அப்பால், கயிற்றில், உங்கள் வீட்டில் இன்னொருவர் கையில். குட்டி கண்ணில் பட்டதும் அவித்த கோழி, சுண்டு விரல் நகம் அளவு, பெரியவனுக்கு ஒன்று பின் ஒன்றாக. குட்டி மறைந்ததும் கோழி நிற்கும். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். குட்டி தெரிந்ததும் அவன் உங்களைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கினால் ஒரு அடி நெருக்குங்கள். விறைத்தால் இரண்டு அடி பின்னுக்கு.

எலும்பு, மாட்டுக் குளம்பு, மெல்லும் பொருள் எல்லாம் பூட்டின கூட்டுக்குள் மட்டும்.

திருக்கோவில் · 2024 ஜூன் 28

உறுமினால் ஒரு அடி போட்டால் சரியாகும். அல்லது சாப்பிடக்குள்ள சட்டிக்குள்ள கையை விட்டுக் கிளறிப் பழக்கணும்.

வந்தாறுமூலை · 2024 ஜூன் 28

இரண்டும் கடியைக் கொண்டுவரும். உறுமல் எச்சரிக்கை. அதற்கு அடித்தால் உறுமலை விடும், காவலை விடாது. பிறகு எச்சரிக்கை இல்லாமல் நேரே கடிக்கும் நாய் கிடைக்கும். சட்டிக்குள் கை விட்டுக் கிளறினால், கை வந்தால் சோறு கெடும் என்று படிக்கும். கை கிட்ட வந்தால் சோற்றை விட நல்லது ஒன்று விழ வேண்டும், கை உடனே போய்விட வேண்டும். அது போதும்.

சண்டை மூண்டால் பட்டியைப் பிடிக்கப் போக வேண்டாம், கடி உங்கள் கைக்குத்தான். வாளித் தண்ணீர், பலகை, பிளாஸ்டிக் கதிரை, எது கிடைக்கிறதோ அதை நடுவில் தள்ளுங்கள். இரண்டு பேர் இருந்தால் ஒவ்வொருவர் ஒவ்வொன்றின் பின்னங்கால்கள் இரண்டையும் தொடைக்குக் கிட்டப் பிடித்துத் தூக்கிப் பின்னோக்கி இழுத்து, வளைத்துத் திருப்பி, கதவுக்கு அப்பால் விடுங்கள். அன்று முழுக்க ஒன்றையொன்று காணக் கூடாது. மனிதரைக் கடித்தால் சவர்க்காரமும் ஓடுகிற தண்ணீரும் போட்டு 15 நிமிடம் கழுவி, நேரே வைத்தியசாலை. நாய்க்கு ஊசி போட்டிருக்கு என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள், அதை வைத்தியர் தீர்மானிக்கட்டும்.

அக்கரைப்பற்று · 2024 ஜூலை 14

கச்சான் காற்றுத் தொடங்கிட்டு. தகரத்துக்குக் கீழ கூடு வச்சிருக்கிற ஆக்கள் இண்டைக்கே மாத்துங்க. மத்தியானம் தகரத்துக்குக் கீழ கையை வச்சுப் பாருங்க, தெரியும். கிடுகு போட்டால் நல்லம், இல்லாட்டித் தகரத்துக்கும் கூட்டுக்கும் நடுவில ஒண்டரை அடி காற்று போக விட்டு மேல ஈரச்சாக்கு. கூட்டை நாலு பக்கமும் படங்கால மூடாதீங்க.

வந்தாறுமூலை · 2024 ஜூலை 14

சோற்று நேரத்தையும் மாற்றுங்கள். காலை 6 மணிக்கு, மாலை வெயில் இறங்கினதும். குட்டியின் மத்தியானச் சாப்பாடு வீட்டுக்குள், மின்விசிறிக்குக் கீழே. மூச்சிரைப்பு நிற்காமல், எச்சில் பசை மாதிரி, முரசு கடும் சிவப்பு, கால் தள்ளாட்டம் என்றால் வெப்பத் தாக்கம். உடம்பு முழுக்கக் குழாய்த் தண்ணீர் ஊற்றி, விசிறி போட்டு, அப்படியே வைத்தியரிடம். ஈரத் துணியால் போர்த்தி விட வேண்டாம், சூட்டை உள்ளே பிடித்து வைக்கும்.

இந்தக் காலத்தில்தான் உண்ணியும் கூடும். இரண்டு நாய் உள்ள வீட்டில் ஒன்றுக்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை. ஒரே நாளில் இரண்டு நாய், இரண்டு கூடு. வயிறு நிறைந்த பெண் உண்ணி நாயை விட்டு இறங்கிச் சுவர் வெடிப்பிலும் பலகைப் பொருத்திலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும், மேல் நோக்கி ஏறும். ஆகவே பலகையைக் கழற்றிக் கொதிநீர் ஊற்றி வெயிலில் போடுங்கள், கூட்டின் மேல் மூலைகளையும் பாருங்கள். மண்ணெண்ணெய் பூச வேண்டாம், தோல் வெந்துபோகும். வயலுக்கு அடிக்கும் மருந்தைக் கரைத்துக் குளிப்பாட்டுவது கொலை.

அம்பாறை · 2024 ஆகஸ்ட் 20

தீவனம் விலை தாங்குதில்லை. பெரிய நாய்க்குக் குறுணலும் மீனும் போதுமா? குட்டிக்கும் அதுதானா?

வந்தாறுமூலை · 2024 ஆகஸ்ட் 20

பெரியதுக்குக் கொடுக்கலாம், அளவோடு. 15 கிலோ நாய்க்கு நாளைக்குப் பச்சையாக நிறுத்த குறுணல் 130 கிராம், மீன் அல்லது கோழி 200 கிராம், பூசணி ஒரு கைப்பிடி, தேங்காய் எண்ணெய் ஒரு தேக்கரண்டி. ஏறத்தாழ 800 கலோரி வரும், இரண்டு நேரமாகப் பிரியுங்கள். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தக் கூடாது. அதைப் பார்த்துக் குறுணலைக் கூட்டிக் குறையுங்கள்.

குறுணலிலும் மீன் சதையிலும் சுண்ணாம்புச் சத்து போதாது. முட்டைக் கோதைக் கழுவி, வறுத்து, மாவாக அரைத்து நாளுக்கு அரைத் தேக்கரண்டி. அல்லது சூடை, கீரி போன்ற சிறு மீனை பிரஷர் குக்கரில் முள் விரலால் நசுங்கும் வரை அவியுங்கள். சூடையைப் பச்சையாகத் தொடர்ந்து கொடுக்க வேண்டாம், அதிலுள்ள நொதி வைற்றமின் பி1 ஐ அழிக்கும், அவித்தால் அந்தப் பிரச்சினை இல்லை. மிஞ்சின கறி ஊற்றுவது பழக்கம், அதில் வெங்காயம், உள்ளி (பூண்டு) இருக்கிறது, இரண்டும் நாயின் இரத்தத்துக்குக் கேடு. அவித்த கோழி எலும்பு ஊசியாகப் பிளக்கும்.

குட்டிக்கு இதைக் கொடுக்க வேண்டாம். பெரிய இனக் குட்டியின் எலும்புக்குச் சுண்ணாம்பும் பொசுபரசும் ஒரு கணக்கில் வர வேண்டும், வீட்டில் அதைப் பிடிப்பது கடினம். காசு குறைவென்றால் பெரியதைச் சோற்றுக்கு மாற்றி, தீவனக் காசைக் குட்டிக்குச் செலவழியுங்கள். தீவனம் தின்னும் குட்டிக்கு மேலதிகமாகச் சுண்ணாம்பு மாத்திரை கொடுக்காதீர்கள், கூடினாலும் எலும்பு கோணும். சட்டி தனித்தனி என்றால்தான் இந்தப் பிரிப்பும் நடக்கும்.

கல்லடி · 2024 அக்டோபர் 6

காவல் பிரச்சினை குறைஞ்சிட்டு, இப்ப 4 அடியில குட்டி நிண்டாலும் என்னைத்தான் பார்க்கிறான். குட்டிக்கு ஆறு மாதம் தாண்டிட்டு. அடுத்த பிரச்சினை இவன் ஆண்.

வந்தாறுமூலை · 2024 அக்டோபர் 6

குட்டிக்குச் சூடு (இணை சேரும் பருவம்) வர முந்தி இரண்டுக்கும் கருத்தடைக்குப் பதியுங்கள். எந்த வயதில் என்பதைக் குட்டியின் எடையைப் பார்த்து வைத்தியர் சொல்லட்டும். முந்திக்கொண்டு சூடு வந்துவிட்டால் மூன்று கிழமை, ஒரே அறையில் இரண்டு கூடு போதாது, நடுவில் பூட்டின கதவு வேண்டும். ஆண் சோற்றை விடுவான், அது நோயல்ல, ஆனாலும் காய்ச்சல் பாருங்கள்.

ஆறு மாதம் தாண்டினதால் குட்டிக்கு இனி இரண்டு நேரம். நாளின் மொத்தத்தைக் குறைக்காமல் இரண்டாகப் பிரியுங்கள்.

களுவாஞ்சிக்குடி · 2024 நவம்பர் 22

மழை விடுறதில்ல. வளவில கணுக்கால் அளவு தண்ணி. எங்கட வீட்டிலயும் இப்ப ரெண்டு நாய், ரெண்டு சட்டி. கேக்கிறது என்னெண்டால், வெள்ளம் வந்தால் கூட்டோட கொண்டு போறதா?

அக்கரைப்பற்று · 2024 நவம்பர் 22

இரும்புக் கூட்டைத் தூக்கேலா. உயர்த்துங்க, கல் அடுக்கி 2 அடி. ஆனா தண்ணி ஏறும் எண்டு தெரிஞ்சால் கதவைக் கட்டாயம் திறந்து விடணும். பூட்டின கூட்டிலயும் சங்கிலியிலயும்தான் நாய்கள் வெள்ளத்தில சாகிறது. வட்டையில (வயல்ல) காவலுக்குக் கட்டின நாயள மறந்திட்டு வாற ஆக்களும் இருக்காங்க, அவிழ்த்து விட்டிட்டு வாங்க.

வந்தாறுமூலை · 2024 நவம்பர் 22

அண்ணன், இடம்பெயர வேண்டி வந்தால் நாய்க்கு ஒரு கயிறு, ஒரு சட்டி, மூன்று நாள் உலர் தீவனம் மூடி இறுகின வாளியில், ஊசி அட்டை பொலித்தீனில். தங்குகிற இடத்தில் கூடு இல்லாவிட்டால் இரண்டையும் ஒன்றையொன்று எட்டாத தூரத்தில் கட்டுங்கள், கயிற்றின் நீளம் இரண்டையும் கூட்டி அதற்கு மேல் 3 அடி. நெருக்கத்தில், பசியில், பழகின நாயும் சண்டை பிடிக்கும். அங்கே பல வீட்டு ஆட்கள் இருப்பார்கள், நாய் வாய் வைத்த சட்டியைப் பொதுக் குழாயடியில் கழுவ வேண்டாம். முஸ்லிம் குடும்பங்களும் பாவிக்கிற இடமென்றால் அது இன்னும் கவனம், தனி வாளியில் தண்ணீர் எடுத்துத் தள்ளிப் போய்க் கழுவுங்கள்.

வந்தாறுமூலை · 2024 டிசம்பர் 4

தண்ணீர் வடிந்த வீடுகளுக்கு. கூட்டை முதலில் சவர்க்காரம் போட்டுச் சேறு போகக் கழுவுங்கள், சேற்றின் மேல் பிளீச் ஊற்றினால் வேலை செய்யாது. பிறகு 5 லீற்றர் தண்ணீருக்கு வீட்டுப் பிளீச்சிங் திரவம் 170 மில்லிலீற்றர், பத்து நிமிடம் ஈரமாக விட்டு, நல்ல தண்ணீரால் கழுவி, வெயில். பார்வோவுக்கும் இதே அளவு. வாசனைக் கிருமிநாசினிகளில் பலவற்றுக்குப் பார்வோ சாகாது.

எலிக்காய்ச்சலுக்கு இதுதான் காலம். இரவில் சட்டியில் சோறு மிஞ்சி வெளியே கிடந்தால் எலி வரும், சட்டியிலும் சுற்றிலும் சிறுநீர் விடும், காலையில் நாய் அதையே நக்கும். தண்ணீர்க் கோப்பையையும் காலையில் கழுவி ஊற்றுங்கள். நாய்க்கு எலிக்காய்ச்சல் ஊசி இரண்டு தடவை, இரண்டு முதல் நாலு கிழமை இடைவெளியில், பிறகு வருடம் ஒன்று. பெரும்போக வேலைக்கு வட்டைக்குக் கூடப் போகும் நாய்க்கு இது கட்டாயம். காய்ச்சல், சத்தி, கண் மஞ்சள் என்றால் அந்த நாயின் சிறுநீரை வெறுங்கையால் கழுவாதீர்கள், உங்களுக்கும் தொற்றும்.

கல்லடி · 2024 டிசம்பர் 15

ரெண்டுக்கும் கருத்தடை முடிஞ்சுது, காயம் ஆறிட்டு. ரெண்டும் ஒண்டாப் படுக்குதுகள். இனிக் கூடு இல்லாமச் சாப்பாடு குடுக்கலாமா?

வந்தாறுமூலை · 2024 டிசம்பர் 15

படுப்பது வேறு, சாப்பிடுவது வேறு. ஆனாலும் முயன்று பார்க்கலாம். முதலில் இரண்டு கூடும் ஒரே அறையில், 6 அடி இடைவெளி, கதவு பூட்டி, இரண்டு கிழமை. இரண்டும் நிமிராமல் தின்றால், கதவைத் திறந்து வைத்து, நடுவில் நீங்கள் நின்று. அதிலும் விறைப்பு இல்லை என்றால் கூட்டுக்கு வெளியே, அறையின் எதிர் மூலைகளில், முதுகும் முதுகும் பார்க்க. முந்தி முடிக்கும் நாயை உங்களிடம் கூப்பிட்டு, மற்றது முடிக்கும் வரை உங்கள் காலடியில் இருத்துங்கள். குட்டி முந்தி முடிக்கும், அதன் சட்டியில் கைப்பிடி அளவு வழுவழுப்பான கல் ஒன்றை வையுங்கள், சுற்றிச் சுற்றித் தின்ன நேரம் எடுக்கும். கல் வாய்க்குள் போகாத அளவாக இருக்க வேண்டும்.

ஒன்றுக்குச் சுகமில்லை, விருந்தாளி வந்திருக்கு, இறைச்சி எலும்பு கொடுக்கிறீர்கள் என்றால் அன்றைக்குத் திரும்பவும் பூட்டின கூடு. அதனால் இரண்டு கூட்டில் ஒன்றையும் விற்க வேண்டாம்.